முழங்கை வலியை மறைப்பது வீரமல்ல

“கை கொஞ்சம் வலிக்கிறது, பரவாயில்லை. இந்தப் போட்டி முடியட்டும்.” பள்ளித் திடலில் ஈட்டி எறிபவர்களிடமும் சாஃப்ட்பால் ஆடுபவர்களிடமும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். நாமும் அதை மன உறுதி என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டோட்ஜர்ஸ் பேஸ்பால் குழுவுக்குப் பந்து வீசியவர் டாமி ஜான். 1974 ஜூலையில், ஆட்டத்தின் நடுவே அவரது இடது முழங்கையின் உட்புறத்தில் உள்ள லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பை இணைக்கும் நார், கிழிந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் ஒரு புதுமுயற்சியில் இறங்கினார். ஜானின் வலது முன்கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்தார். முழங்கை எலும்புகளில் துளையிட்டு, கிழிந்த நாருக்குப் பதிலாக அதைக் கோத்துக் கட்டினார். ஜான் மறுபடியும் பந்து வீசும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான் என்பது மருத்துவரின் கணிப்பு. 1975 முழுவதும் ஆடாமலிருந்த ஜான் 1976ல் திரும்பி வந்தார். 1989 வரை ஆடினார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. அந்தச் சிகிச்சைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

இந்த வெற்றிக் கதையே ஒரு தவறான நம்பிக்கைக்கும் இடம் கொடுத்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் முன்பைவிட வேகமாக வீசலாமாம்! காயமே இல்லாதவருக்கும் திறனைக் கூட்ட இதைச் செய்யலாம் என்று நம்பும் மாணவர்களும் பெற்றோரும் பயிற்றுநர்களும் கணிசமாக இருப்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

உண்மை என்ன? தசைநாண், தசையை எலும்போடு இணைப்பதற்காக அமைந்தது. அது லிகமென்டின் வேலையை ஏற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். முதலில் கையைத் தாங்கும் பட்டையுடன் சில வாரங்கள். பிறகு மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி. அடுத்து முன்கை, தோள், இடுப்பு, கால் ஆகியவற்றுக்கு வலுவூட்டல். பொதுவாக நான்கைந்து மாதம் கழித்துத்தான் குறுகிய தூரத்துக்கு மெதுவாக எறியத் தொடங்குவார்கள். பந்து வீசுபவர் போட்டிக்குத் திரும்ப ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகலாம். சிலர் திரும்பி வந்து வேகமாக வீசினால், அதில் இந்த நீண்ட உடற்பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு. அந்தப் பயிற்சியைக் கத்தி படாமலேயே செய்யலாமே!

திரும்பி வந்தவருக்கும் உத்தரவாதம் இல்லை. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹேய் ஒஹ்தானி 2018ல் முழங்கைச் சிகிச்சை செய்துகொண்டார். 2023ல் அதே முழங்கையில் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. தேர்ந்த மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தும் அவருக்கு இந்த நிலை.

இது தொழில்முறை வீரர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை இந்தச் சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 19 வயதினர் எனத் தெரிந்தது. அதாவது, உங்கள் வயது. 2006ல் வெளியான மற்றோர் ஆய்வில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் பந்து வீசிய இளையர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 36 மடங்கு அதிகமாக இருந்தது.

அதனால்தான் அங்கே வீச்சுகளை எண்ணுகிறார்கள். 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 முறைக்கு மேல் பந்து வீசக் கூடாது. 76ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு என்பது அங்குள்ள வழிகாட்டி. நம் பள்ளிகளில் தேர்வுப் புள்ளிகளை எண்ணுகிறோம், பதக்கங்களை எண்ணுகிறோம். ஒரு மாணவி இந்த வாரம் எத்தனை முறை ஈட்டி எறிந்தாள் என்று எண்ணுகிறோமா?

“ஓய்வெடுத்தால் குழுவில் இடம் போய்விடுமே” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மாநிலத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான். புறப்பாடப் புள்ளிகள் மேற்படிப்புக்கும் உதவுகின்றன. வலியைச் சொன்னவர் வெளியே, மறைத்தவர் உள்ளே என்றிருந்தால் யார்தான் வாய் திறப்பார்கள்? ஆகவே முதல் மாற்றம் ஆசிரியர்களிடமும் பயிற்றுநர்களிடமும் வர வேண்டும். வலியைச் சொன்ன மாணவருக்கு, குணமான பின் குழுவில் இடமுண்டு என்ற உறுதியை அவர்கள் வெளிப்படையாகத் தரவேண்டும்.

மாணவர்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். பயிற்சியில் எத்தனை எறிந்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முழங்கையின் உட்புறம் வலித்தாலோ, சுண்டுவிரல் மரத்துப்போனாலோ எறிவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு போட்டியை விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டு ஆடலாம். நார் கிழிந்துவிட்டால் அந்த அடுத்த ஆண்டும் பறிபோகும்.