பூசுவதற்கு முன் வெந்நீர் ஓடட்டும்

பூதலூர்ப் பக்கம் ஒரு வீடு எப்போது முடிய வேண்டும் என்பதை முகூர்த்தம்தான் முடிவு செய்கிறது. ஆடியும் மார்கழியும் ஆகாது; தை, வைகாசி, ஆவணி என்று பால் காய்ச்ச நாள் குறித்துவிடுவார்கள். அதன் பிறகு கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. காலையில் சுவரை வெட்டிப் பைப் பதித்தால், பொழுது சாய்வதற்குள் கலவை அடித்து மூடியாக வேண்டும்.

இந்த அவசரத்தில் பச்சைத்தண்ணீர் லைன் எப்படியோ தப்பித்துக்கொள்கிறது. குடிபோன அன்றே அதில் தண்ணீர் ஓடும். கசிந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். வெந்நீர் லைன் அப்படியில்லை. வைகாசியில் குடிபுகுந்த வீட்டில் கீசர் சுவிட்சைத் தட்டுவது பெரும்பாலும் ஐப்பசி அடைமழையிலோ மார்கழிப் பனியிலோதான். அதற்குள் ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துப் போயிருப்பார். சுவரில் ஈரம் பூத்து, பெயின்ட் உப்பி உதிரும்போது டைல்ஸை உடைக்கும் செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

காரணம் எளிது. வெந்நீருக்குப் பதிக்கும் சிபிவிசி குழாய் சூட்டில் நீளும். மூன்று மீட்டர் லைனில் 25 டிகிரி தண்ணீர் 65 டிகிரி ஆனால், ஏழெட்டு மில்லிமீட்டர் கூடும். சுற்றியிருக்கும் சிமென்ட் பூச்சு அந்த அளவுக்கு நீளாது. குழாய் அசைய இடமில்லாமல் கலவையில் இறுகியிருந்தால், அந்த இழுபறி முழுவதும் வளைவுகளிலும், குழாய்வாய்க்காக வைத்த பித்தளை எல்போவிலும் போய்ச் சேருகிறது. அதனால்தான் வெந்நீர்க் குழாய்க்கு மேல் நுரை உறை மாட்டச் சொல்கிறார்கள். உறை சூட்டைக் காக்கும், குழாய்க்குக் கொஞ்சம் அசைவிடமும் தரும். மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை விட்டுவிடுவது மகா தவறு. மாடியில் சோலார் ஹீட்டர் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சிபிவிசி தாங்கும் எல்லை சுமார் 82 டிகிரி, கோடையில் இறைக்காமல் விட்ட சோலார் தண்ணீர் அதையும் தாண்டக்கூடும்.

சுவருக்கும் ஒரு கணக்கு உண்டு. சுமை தாங்கும் செங்கல் சுவரில் செங்குத்தாக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905. ஒன்பது இஞ்சு சுவரில் கிடைவெட்டு ஒன்றரை இஞ்சுதான். நாலரை இஞ்சு சுவருக்கு அதே கணக்கைப் போட்டால் 19 மில்லிமீட்டர் வருகிறது. முக்கால் இஞ்சு சிபிவிசி குழாயின் வெளிவிட்டமே 22. குளியலறைத் தடுப்புச் சுவரைக் குறுக்கே வெட்டச் சொல்பவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

வெட்டிப் பதித்த குழாயை மூடுவதற்கு முன் சோதிக்கவும் வேண்டும். ஐரோப்பாவில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டி வீட்டைச் சூடேற்றுகிறார்கள். குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே அங்கே கலவை போட வேண்டும். சிமென்ட் தளமானால் 21 நாள் காய்ந்த பிறகு, முதலில் மிதமான சூட்டில் மூன்று நாள், பிறகு முழுச் சூட்டில் நாலு நாள் தண்ணீரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுடைய தர விதி கட்டளையிடுகிறது. நமக்கு ஏழு நாள் வேண்டாம், இரண்டு நாள் கிடைத்தாலே போதும்.

மாடித் தொட்டியைத் திறந்துவிட்டு ‘ஒழுகல’ என்று சொல்வது சோதனை ஆகாது. பத்து மீட்டர் உயரத் தொட்டியே ஒரு கிலோ அழுத்தம்தான் தரும். கைப்பம்பால் அதைப்போல் பல மடங்கு ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் ஓர் இரவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள், கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பில் ஒரு கீசரை மாட்டி, சூடும் ஆறலுமாகச் சில தடவை தண்ணீரை ஓட்ட வேண்டும். பூச்சு அதற்குப் பிறகுதான். வெட்டிய இடத்தின் மேல் கோழிவலை அடித்துப் பூசினால் விரிசல் குறையும்.

இதைப் பிளம்பரின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: சோதனை முடியாமல் பூச்சுக்கூலி கிடையாது, கடைசித் தவணையில் ஒரு பங்கு மார்கழி கழிந்த பிறகு. மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் இஞ்சு டேப்பை விரித்துப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து வரைபடத்தோடு சேர்த்து வைக்கட்டும். நாளைக்குக் கண்ணாடி மாட்ட டிரில் போடுகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.