வி.சி. ஃபண்ட் தொடங்க பதிவுக் கட்டணம் வெறும் 5 லட்சம்... ஆனா உள்ளே நுழைய ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதலீடு கேட்டு அலையும் ஸ்டார்ட்அப் நிறுவனர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனா, அந்த முதலீட்டைக் கொடுக்கும் வென்ச்சர் கேபிடல் (வி.சி.) தொழிலுக்குள் புதிதாக வருபவர்களும் இதேபோல அலைகிறார்கள். ஏன்?

சட்டம் தடுக்குதா?

பெரிதாக இல்லை. செபியின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி வி.சி. ஃபண்டுக்கான பதிவுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய். ஒரு திட்டத்துக்கு குறைந்தது 20 கோடி திரட்ட வேண்டும். வழக்கமான திட்டத்தில் ஒரு முதலீட்டாளர் குறைந்தபட்சம் 1 கோடி போட வேண்டும். வங்கி தொடங்குவதோடு ஒப்பிட்டால் இது சின்ன வாசல்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

அந்த 1 கோடியைக் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி எவ்வளவு சம்பாதிச்சுக் கொடுத்தீங்க?" ஒரு ஃபண்டின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டுகள். உண்மையான லாபம் தெரிய ஏழெட்டு வருஷம் ஆகும். அடுத்த ஃபண்டுக்குப் பணம் திரட்ட வேண்டியதோ மூன்று, நான்கு வருஷத்திலேயே. கையில் ரிசல்ட் இல்லாமலே பரீட்சையில் பாஸ் ஆனதாகக் காட்ட வேண்டிய நிலை!

பெயருக்கு இவ்வளவு மவுசா?

ஆமாம். எல்லோர் பணமும் ஒரே பணம்தான். ஆனா பிரபலமான வி.சி. முதலீடு செய்தால் வாடிக்கையாளர், நல்ல ஊழியர்கள், அடுத்த சுற்று முதலீடு எல்லாம் சுலபமாக வரும். அதனால் நல்ல நிறுவனர்கள் முதலில் பெரிய பெயர்களைத்தான் தேடிப் போகிறார்கள். நல்ல டீல், நல்ல லாபம், இன்னும் பெரிய பெயர் என அது சுழன்றுகொண்டே இருக்கும். முந்தைய ஃபண்டில் ஜெயித்தவர்களே அடுத்ததிலும் ஜெயிக்கும் போக்கை அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் காப்லன், ஷோர் 2005-லேயே சுட்டிக்காட்டினார்கள்.

சின்ன ஃபண்டின் கணக்கு

நிர்வாகச் செலவுக்கு ஆண்டுக்கு 2%, லாபத்தில் 20% என்பதே இத்துறையின் வழக்கமான கணக்கு. 2,000 கோடி ஃபண்டுக்கு 2% என்றால் 40 கோடி. 20 கோடி ஃபண்டுக்கு வெறும் 40 லட்சம். சம்பளம், ஆபீஸ், ஆடிட்டர், பயணம் எல்லாம் இதற்குள் முடிய வேண்டும்.

யாராலும் முடியலையா?

முடிந்திருக்கிறது. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸில் ஆக்செல் 2011-ல் முதலீடு செய்தது. 2021-ல் அது நாஸ்டாக்கில் பட்டியலானது. அதே ஆண்டில் அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம், மானவ் கர்க்குடன் சேர்ந்து 'டுகெதர்' ஃபண்டைத் தொடங்கினார். ஃபண்ட் அனுபவத்துக்குப் பதிலாக, கம்பெனி கட்டிய அனுபவமே அவருக்கு அறிமுகச் சீட்டு. ஆனா அந்தச் சீட்டு எத்தனை பேரிடம் இருக்கும்?

நமக்கு என்ன?

பணம் கொடுப்பவர்கள் ஒரே வட்டத்தில் இருந்தால், அவர்களுக்குப் பழக்கமான நகரம், கல்லூரி, ஐடியாவுக்கே பணம் போகும். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் நிறுவனரின் போன் காலை எடுக்க ஆள் இருக்காது. 2016-ல் மத்திய அரசு சிட்பி மூலம் 10,000 கோடி ரூபாய் நிதியை அறிவித்தது. இது ஸ்டார்ட்அப்களுக்கு நேரடியாகப் போகாது, ஃபண்டுகளுக்குப் போகும். 2025 பட்ஜெட்டில் இன்னொரு 10,000 கோடி அறிவிக்கப்பட்டது. இதில் முதல்முறை ஃபண்ட் தொடங்குபவர்களுக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுக்கே அதுவும் போனால், வட்டம் பெரிதாகாது.