புறக்கடைக்கு உகந்த கோழி எது?

முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே பயன்படும் கோழியினம் எது என்னும் கேள்வி நம் அங்கத்தினர்களிடையே அடிக்கடி எழுகின்றது. தறிக்கூலியோடும் விளைச்சலோடும் சிறிது கைக்காசு சேர வேண்டும் என விரும்பும் குடும்பங்களில் இது இயல்பே. ஆனால், ஆண்டுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ எடை என்னும் இரண்டை மட்டுமே நாம் விசாரிக்கின்றோம். திறந்த வெளியில் மேயும் கோழிக்கு இவ்விரண்டும் போதா. அடுத்த குஞ்சு எங்கிருந்து வரும் என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய வனராஜாவை எடுத்துக்கொள்வோம். பல நிற இறகும் நீண்ட காலும் உடையது. மேய்ச்சலில் ஆண்டுக்கு 100 முட்டைக்குக் குறையாமல் இடவல்லது. நாட்டுக் கோழியினும் விரைவில் எடை கூடும். இச்சிறப்புகளை மறுப்பார் இல்லை. ஆயினும், அடைகாக்கும் இயல்பு அதற்கு இல்லையென்றே சொல்லலாம். வேறுவேறாகப் பேணப்படும் தந்தை வழி, தாய் வழி இரண்டின் கலப்பில் பிறப்பதால், அதன் முட்டையை நாட்டுக் கோழியிடம் அடைவைத்தாலும் குஞ்சுகள் அதே திறத்தைப் பெறுவதில்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிய குஞ்சுக்குத் தாய் இல்லை. முதற் சில வாரங்களுக்கு விளக்கின் வெப்பமும் தக்க தீவனமும் நாமே தர வேண்டும். இச்செலவை எழுதாமல் முட்டையை மட்டும் எண்ணுவது, நூல் விலையைக் கழிக்காமல் சேலை விற்ற தொகை முழுவதையும் இலாபம் என்பதை ஒக்கும்.

நம் சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 50, 60 முட்டைகளே இடும். அது சோம்பலன்று. ஓர் ஈட்டில் 12, 15 முட்டை இட்டபின் 21 நாள் அடைகாத்து, பின்னர்ப் பல வாரம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிகின்றது. பருந்தைக் கண்டதும் குரல் கொடுத்து அவற்றைச் சிறகினுள் மறைக்கின்றது. கறையானையும் புழுவையும் கிளறிக் காட்டுகின்றது. பொரிப்பகமும் செவிலியும் அதுவே. இந்த ஊதியத்தை நாம் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

அதற்காகப் புதிய இனங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பதன்று. இடமறிந்து தெரிதல் வேண்டும். நெசவாளர் தெருவில் வீடுகள் நெருங்கியவை. கஞ்சியிட்ட பாவு காயுமிடத்தில் கோழி புகுந்தால் அயலாரோடு பூசலே மிஞ்சும். அங்கே வேலியடைத்துச் சில வனராஜாவை வளர்ப்பது பொருந்தும். தோப்பும் களமும் உடைய விவசாயிக்குச் சிறுவிடையே தக்கது. ஆனால், விரைவாக வளர்ந்த சேவலை முதலில் சந்தைக்கு அனுப்பி, நலிந்ததை இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். நல்ல விதையை விற்றுவிட்டுப் பதரை விதைப்பார் உண்டோ? சிறந்த சேவலை நிறுத்திக்கொள்வதும், இரண்டாண்டுக்கு ஒருமுறை வேற்றூர்ச் சேவலோடு மாற்றிக்கொள்வதும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

நாட்டுக் கோழிக்கு நோய் வாராது என்னும் நம்பிக்கையும் பொய்யே. வெள்ளைக் கழிச்சல் நோய் புகுந்தால் எந்த இனமாயினும் சில நாட்களில் கூடு வெறுமையாகும். முதல் வாரத்தில் கண்ணில் இடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் தடுப்பூசியும் அதைத் தடுக்கும். ஒரு வீட்டார் மட்டும் போட்டால் போதாது. ஊர் முழுவதும் ஒரே நாளில் போட வேண்டும்.

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கின்றது. ஒருமுறை குஞ்சுகளை வழங்கிவிட்டுக் கடமை முடிந்ததெனச் சங்கம் இருத்தல் ஆகாது. ஊர்தோறும் நல்ல சேவல்களைப் பேணும் நான்கைந்து அங்கத்தினரைத் தெரிந்தெடுத்தல், சேவல் மாற்றுக்கு ஏற்பாடு செய்தல், தடுப்பூசி நாளைக் குறித்தல் ஆகிய மூன்றையும் சங்கம் ஏற்குமாயின், ஆண்டுதோறும் குஞ்சுக்காகப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோழி விற்ற காசு பெரும்பாலும் இல்லத்துப் பெண்களின் கையிலேயே தங்குவது. பிள்ளையின் புத்தகமும் அவசர மருந்தும் அதிலிருந்தே வருகின்றன. அக்காசு நிலைத்து நிற்க வேண்டுமாயின், குஞ்சும் நம் முற்றத்திலேயே பிறத்தல் வேண்டும். அடுத்த பொதுப் பேரவையில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்வார்களாக.