புள்ளியா, டீச்சரா?

கடைத்தெருவுக்கு வந்துபோகும் எல்லோருக்கும், சக வியாபாரிகளுக்கும்:

சென்ற மாதம் விளம்பர நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, எங்களில் ஒருவருடைய ஜவுளிக்கடைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தார். திரையில் நம் ஊர் வரைபடம், அதன்மேல் எறும்பு மொய்த்தாற்போல் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செல்போன். "பேரு, நம்பர் எதுவும் கிடையாது சார், வெறும் புள்ளிதான்" என்று சொல்லி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ராத்திரி முழுக்க ஒரு வீட்டில் நிற்கிறது. காலை எட்டேமுக்காலுக்குப் பள்ளிக்கூடம் போகிறது. செவ்வாய்தோறும் சாயங்காலம் ஓர் ஆஸ்பத்திரி. கடைக்காரருக்கு ஆள் தெரிந்துவிட்டது: அவர் மகளின் டீச்சர். (இங்கே கிழமையையும் நேரத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறோம்.)

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் தடங்களை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எந்நேரம் எங்கே இருந்தார் என்று நான்கு விவரம் கிடைத்தால் போதும், நூற்றுக்கு 95 பேரைத் தனியே பிரித்துவிடலாம் என்றது அது. அதே ஆண்டில்தான், டார்ச் அடிக்கும் செயலி ஒன்று இருப்பிடத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் காட்ட எதற்கு விலாசம்?

வியாபாரிகளே, சனிக்கிழமை எந்நேரம் கூட்டம் வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும். அதில் தப்பில்லை, எங்களில் பாதிப்பேர் கல்லாவில் உட்காருகிறவர்கள்தான். ஆனால் அதற்குத் தலைக்கணக்கு போதும், ஒவ்வொருவர் பின்னாலும் போக வேண்டியதில்லை. பிரதிநிதி வந்தால் கறாராகச் சொல்லுங்கள்: நிமிடக்கணக்கு வேண்டாம், மணிக்கணக்கு கொடு. வீட்டு வாசல் வேண்டாம், பேட்டை அளவில் கொடு. பத்துப் பேருக்குக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டவே காட்டாதே; ஒரு சந்திலிருந்து இரண்டு பேர் என்றால் அது யார் யார் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆஸ்பத்திரியும் வழிபாட்டுத் தலங்களும் கணக்கிலேயே வரக்கூடாது. கூட்டிமுடித்ததும் மூலத் தரவை அழித்துவிடு. "அப்படித் தர முடியாது சார்" என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: போனில் செட்டிங்ஸுக்குள் லொகேஷன் பகுதியில், எந்தெந்தச் செயலிக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'எப்போதும்' என்றிருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என மாற்றுங்கள். ஆட்டோ கூப்பிடத் துல்லியமான இடம் வேண்டும். மழை வருமா என்று பார்க்க ஊர் தெரிந்தால் போதும், அங்கே துல்லியத்தை அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணையே அழிக்கவும் வழி இருக்கிறது.

2023-இல் நிறைவேறி, படிப்படியாக அமலுக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் படிக்கவும் வழி தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிமுதல் அதே ஜவுளிக்கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்போம். செட்டிங்ஸ் பழக்கமில்லாதவர்கள் போனோடு வாருங்கள். உங்கள் போனை நாங்கள் கையில் வாங்கமாட்டோம். எங்கே தொடவேண்டும் என்று சொல்வோம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கடைத்தெரு வியாபாரிகளும் குடியிருப்போரும்