அறையும் இல்லை, சலுகையும் இல்லை

2020-இல் கொரோனா வந்தபோது, அறுபது வயதைக் கடந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே தனித்திருக்க வேண்டும் என்று கேரள அரசு சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் தேவிகுளம் மலையில், ஓர் அறையும் ஓர் அடுப்படியுமான லயத்தில், மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு முடங்கிக் கிடக்கும் பெரியவர் எந்த மூலையில் தனித்திருப்பார்?

போடிமெட்டில் பாதை அடைபட்டது. கீழே தேனிப் பக்கம் பிள்ளைகள், மேலே பெற்றோர். சாவுக்குப் போகவும் பாஸ் வேண்டியிருந்தது. அரசு தந்த மளிகைக் கிட்டும் அக்கம்பக்கத்தார் உதவியுமே நம் முதியவர்களைத் தாங்கின.

அதே 2020 மார்ச் 20 முதல் ரயில்வே முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தியது. ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50 சதவீதம் போயிற்று. தொற்றுக் காலத்தில் அநாவசியப் பயணம் கூடாது என்று காரணம் சொன்னார்கள். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. 2010-இன் கடைசியில் நின்றுபோன போடி ரயிலும் அடுத்த மாதமே திரும்பி வந்தது. சலுகை மட்டும் வரவில்லை.

கொழுந்து பறித்துக் கை தேய்ந்தவர்கள் பிச்சை கேட்கவில்லை. நோயைச் சொல்லிப் பறித்ததை, நோய் ஓய்ந்தபின் திருப்பிக் கொடு என்கிறோம். அடுத்த நோய் வருமுன் லயத்துக்கு இன்னோர் அறை கட்டு என்கிறோம். தோழர்களே, இவ்விரு கோரிக்கைகளுக்கும் லயம்தோறும் கையெழுத்துத் திரட்டுவோம்!