முன்வரிசையின் முதுகு

1937 செப்டம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு ஒரு தந்தி வந்தது. தென்னாப்பிரிக்க ரக்பி அணி அங்கே தொடரின் மூன்றாவது, கடைசி டெஸ்ட் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தொடர் 1-1 என்ற நிலை. தந்தியை அனுப்பியவர் அந்நாட்டின் பழைய அணித்தலைவர் பால் ரூஸ். அதில் இருந்தது ஒரே சொல், மூன்று முறை: ஸ்க்ரம், ஸ்க்ரம், ஸ்க்ரம். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் இரு அணியினரும் வரிசையாக நிற்க நடுவே பந்தை எறியும் லைன்அவுட்டுக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்டுக்கொள்ள அன்றைய விதி இடம் தந்தது. அணித்தலைவர் பிலிப் நெல் அதைத்தான் செய்தார். தென்னாப்பிரிக்கா 17-6 என்று வென்று தொடரையும் கைப்பற்றியது.

ஸ்க்ரம் என்பது ஆட்டத்தை மறுபடி தொடங்கும் ஒரு முறை. அணிக்கு எட்டுப் பேர் ஒருவரையொருவர் பிணைத்துக் குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு தோள் பொருத்தித் தள்ளுவார்கள். நடுவில் போடப்படும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பார்கள். இதில் எதிரணியை நேருக்கு நேர் தொடுபவர்கள் முன்வரிசையின் மூவர். நடுவில் ஹூக்கர், அவருக்கு இடப்பக்கம் லூஸ்ஹெட் ப்ராப், வலப்பக்கம் டைட்ஹெட் ப்ராப். லூஸ்ஹெட்டின் தலைக்கு ஒரு பக்கம் திறந்த வெளி. டைட்ஹெட்டின் தலை எதிரணியின் இரண்டு தலைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும். பின்னாலிருந்து வரும் ஐந்து பேரின் உந்துதலும் முன்னாலிருந்து வரும் எட்டுப் பேரின் எதிர்ப்பும் சந்திப்பது இந்த மூவரின் தோள்களிலும் கழுத்துகளிலும்தான்.

இந்த விளையாட்டின் நூற்றைம்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், ஸ்க்ரம்மில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றவர்களே. கழுத்தை முறித்துக்கொண்டவர்களில் பலர் அதை யாரும் கற்றுத்தராத பிள்ளைகள். பயிற்சியாளர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்திருந்த இந்தப் பாடம் விதிப்புத்தகத்தில் ஏற நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

தொடக்கத்தில் இதைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. இங்கிலாந்தின் ரக்பி பள்ளி மாணவர்கள் 1845ல் முதன்முதலாக விதிகளை எழுதி வைத்தார்கள். 1871ல் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியபோது அணிக்கு இருபது பேர். முன்கள ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து நின்று, காலடியில் பந்தை வைத்துக்கொண்டு முண்டியடிப்பதே அன்றைய ஸ்க்ரம். 1877ல் சர்வதேச ஆட்டங்களில் அணிக்குப் பதினைந்து பேர் என்று ஆனது. கூட்டம் குறைந்ததும் பந்து வெளியே வரத் தொடங்கியது. அதைப் பார்க்கவும் பின்னுக்குத் தள்ளவும் தலை குனிய வேண்டியிருந்தது. அப்போதும் முன்வரிசை என்று தனியாக யாரும் இல்லை. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும்கூட, யார் முதலில் ஓடி வந்து சேர்கிறாரோ அவர் முன்னால் குனிவது வழக்கமாக இருந்தது.

முன்வரிசையில் குனிவதைத் தொழிலாக்கிக் காட்டியது 1905ல் பிரிட்டனுக்கு வந்த நியூசிலாந்து அணி. டேவ் கலாகர் தலைமையிலான அந்த அணியில் ஒவ்வொருவருக்கும் நிலையான இடம் இருந்தது. ஏழு பேர் மட்டும், முன்னால் இருவர், நடுவில் மூவர், பின்னால் இருவர் என்று நின்றார்கள். எட்டாமவரான கலாகர் வெளியே நின்று பந்தைப் போட்டார். எண்ணிக்கையில் குறைந்த இந்த அமைப்பு பெரிய அணிகளைத் திணறடித்தது. 1930களின் தொடக்கத்தில் முன்வரிசைக்கு மூவர் என்று விதி மாறியதும் அந்த அமைப்பு மறைந்தது. அதற்குள் தென்னாப்பிரிக்கர்கள் மூன்று, நான்கு, ஒன்று என்ற அடுக்கைத் தேர்ந்து பழகிவிட்டிருந்தார்கள். இன்று உலகம் முழுவதும் ஆடப்படுவது அதுவே. 1937ல் பால் ரூஸ் அத்தனை துணிவோடு தந்தி அடித்ததற்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருந்தது.

இந்தக் கலையை ஆழமாக யோசித்தவர்களில் அர்ஜென்டினாக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் புவெனஸ் அயர்ஸ் அருகிலுள்ள சான் இசித்ரோ கிளப்பில் பிரான்சிஸ்கோ ஒகாம்போ என்ற பயிற்சியாளர் ‘பஹதீத்தா’ என்ற முறையை வளர்த்தெடுத்தார். எட்டுப் பேரும் ஒரே கணத்தில், ஒரே அளவில் உடம்பைத் தாழ்த்த வேண்டும். பக்கங்களிலிருந்து வரும் உந்துதல் சிதறாமல் ஹூக்கரை நோக்கி உள்ளே குவிய வேண்டும். பின்வரிசையினரின் பிடி, கால்களின் இடம், மூச்சு என்று எல்லாமே அந்த ஒரு கணத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்டன. பணமோ தொழில்முறைப் போட்டித் தொடரோ இல்லாத ஒரு நாடு, பல பத்தாண்டுகள் பெரிய நாடுகளின் முன்வரிசைகளைப் பின்னுக்குத் தள்ளியதற்கு இந்த முறைதான் காரணம். 2007 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா மூன்றாம் இடம் பிடித்தபோதும் அணியின் முதுகெலும்பாக இருந்தது ஸ்க்ரம்.

வேல்ஸில் வேறொரு வழி. பான்டிபூல் என்ற தொழில் நகரத்து கிளப்பின் பயிற்சியாளர் ரே ப்ராசர் தாமே ப்ராப்பாக ஆடியவர். ஆட்டக்காரர்களை நகரப் பூங்காவின் குன்றில் ஏறி இறங்கி ஓடவைத்தே அவர் அவர்களைப் பதப்படுத்தினார். சார்லி ஃபாக்னர், பாபி விண்ட்சர், கிரகாம் பிரைஸ் என்ற அவருடைய முன்வரிசை மூவரும் 1975 ஜனவரியில் பாரிஸில் ஒன்றாக வேல்ஸ் நாட்டு அணியில் இறங்கினார்கள். ஒரே கிளப்பில் நாள்தோறும் தோள் உரசிப் பழகிய மூன்று உடம்புகள் அப்படியே நாட்டுக்காக ஆடியதில் அவர்களுடைய பலத்தின் ரகசியம் இருந்தது.

அப்படி என்னதான் கற்றுத்தருகிறார்கள்? நல்ல பயிற்சியாளர் ஒரு பதினைந்து வயதுப் பையனை முதலில், தள்ளிப் பழகுவதற்கான ஸ்க்ரம் எந்திரத்தின் பக்கமே விடமாட்டார். புல்தரையில் கையும் முழங்காலும் ஊன்றச் சொல்வார். பிறகு முழங்காலைத் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்தி அப்படியே நிற்கச் சொல்வார். இடுப்புக்கு மேலே, முதுகின் பள்ளத்தில் தம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். முதுகு கூனலாக எழும்பினால் கை மேலே தள்ளப்படும். தட்டையாக இருந்தால் கை அசையாமல் படிந்திருக்கும். அடுத்தது தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து, மார்பை முன்னால் திறப்பது. பிறகு தலை. மோவாய் மார்பைத் தொடக்கூடாது. பார்வை புருவத்துக்கு அடியிலிருந்து முன்னே போக வேண்டும். பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, விரல்கள் நேராக முன்னோக்கி. முழங்கால் ஏறத்தாழ 120 பாகை மடிப்பில். அதைவிட நீட்டினால் தள்ளுவதற்குக் காலில் மிச்சம் இருக்காது. அதைவிட மடக்கினால் உந்துதல் கிளம்பவே நேரமாகும். தோள் ஒருபோதும் இடுப்பைவிடத் தாழக்கூடாது.

இத்தனையும் அசையாமல் நிற்க வந்த பிறகே ஒருவருக்கு ஒருவர். அதன்பின் மூவருக்கு மூவர். எந்திரம் கடைசியில். அவசரக்காரப் பயிற்சியாளர் இந்த வரிசையைத் தலைகீழாக்குவார். எடை அதிகமுள்ள பையனை எந்திரத்தில் முட்டவிட்டு, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்ப்பார். பையன் முதுகை வளைத்து முட்டினாலும் எந்திரம் நகரத்தான் செய்யும். எதிரே உயிருள்ள ஆள் நின்று, அவன் சற்றே விலகும்போதுதான் அந்த முதுகின் குறை வெளிப்படும்.

வழியில் நின்றுபோன காரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு புரியும். முதுகு வளைந்தால் காலின் பலம் இடுப்போடு நின்றுவிடும், தோளுக்குப் போய்ச் சேராது. நேரான முதுகு பின்னாலிருக்கும் ஐவரின் உந்துதலையும் இழப்பில்லாமல் முன்னே கடத்துகிறது. எதிராளியைத் தள்ளப் பயன்படும் இதே நிலைதான் உயிரையும் காக்கிறது. கழுத்தின் ஏழு எலும்புகள் இயல்பில் மெல்லிய வளைவோடு அடுக்கப்பட்டவை. தலையை முன்னால் சாய்க்கும்போது அந்த வளைவு மறைந்து கழுத்து நேர்கோடாகிறது. அந்த நேரத்தில் உச்சந்தலையில் அழுத்தம் விழுந்தால் சுற்றியுள்ள தசைகளால் அதைத் தாங்க முடியாது. எலும்பு நழுவித் தண்டுவடத்தை நசுக்கிவிடும். முன்வரிசைக்காரரின் இரு கைகளும் பிணைப்பில் இருப்பதால், ஸ்க்ரம் சரிந்தால் கையை ஊன்றித் தலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ஜான் சில்வர் 1984ல் ரக்பியால் முடங்கியவர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்களும் அதே காலத்தில் எச்சரித்தார்கள். அதன்பின் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது. இரு அணிகளும் நடுவரின் குரலுக்குப் படிப்படியாகவே சேர வேண்டும்.

விதி இருந்தும் அதை நடத்த ஆளில்லாதபோது என்ன ஆகும் என்பதை இரண்டு வழக்குகள் சொல்கின்றன. 1991ல் இங்கிலாந்தில் நடந்த ஓர் இளையோர் ஆட்டத்தில் ஸ்க்ரம் திரும்பத் திரும்பச் சரிந்தது. கடைசியில் பதினேழு வயது ஹூக்கர் ஒருவர் கழுத்து முறிந்து முடங்கினார். 1996ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவரைப் பொறுப்பாக்கியது. 1998ல் வேல்ஸில் ஓர் ஆட்டத்தில் ப்ராப் காயமடைந்து வெளியேற, அந்த இடத்தில் போதிய பழக்கமில்லாத ஒரு ஃபிளாங்கர், அதாவது ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவர், இறங்கினார். தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்முக்கு மாற வாய்ப்பிருந்தும் ஆட்டம் அப்படியே தொடர்ந்தது. இங்கும் முடங்கியவர் ஹூக்கர். 2003ல் நீதிமன்றம் மறுபடியும் நடுவரின் கடமையையே சுட்டியது. யார் முதலில் ஓடி வருகிறாரோ அவர் முன்னால் குனியலாம் என்றிருந்த விளையாட்டு, கற்காதவரை முன்னால் குனியவிடுவது குற்றம் என்ற இடத்துக்கு வந்து சேர இத்தனை காலம் ஆனது.

நியூசிலாந்து வேறு பக்கமாக யோசித்தது. 2001ல் ‘ரக்பிஸ்மார்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கிப் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. முந்தைய ஆண்டுகளின் போக்குப்படி 2001 முதல் 2005 வரை ஸ்க்ரம்மால் ஒன்பது பேர் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். முடங்கியவர் ஒருவர். ஸ்க்ரம்மை ஒழிக்காமலே இது நடந்தது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஸ்க்ரம்மின் மோதலை அளந்தும் காட்டினார்கள். உயர்மட்ட ஆண்கள் அணி ஒன்று மோதிச் சேரும் நொடியில் எழும் விசை சுமார் 16,500 நியூட்டன். ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். மோதுவதற்கு முன்பே எதிராளியின் ஜெர்சியைப் பற்றிக்கொண்டால் இந்த அதிர்ச்சி கால்பங்கு அளவுக்குக் குறைகிறது என்றார்கள். 2013ல் குனி, பிடி, சேர் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. 2022ல், சேரும்வரை ஹூக்கர் ஒரு காலை முன்னால் ஊன்றித் தடைபோல வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் சேர்ந்தது.

ஆனால் விதியால் ஆகாத ஒன்று உண்டு. ஸ்க்ரம்மில் கிடைக்கும் பெனால்டி உதைக்கு மூன்று புள்ளிகள். 2019 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்தியதில் ஸ்க்ரம் பெனால்டிகளின் பங்கு பெரிது. 2023 காலிறுதியில் அதே அணியின் டாமியன் வில்லெம்சே, தம் எல்லைக்கு அருகே பந்தை உயரப் பிடித்து, அதற்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கை உதைக்காமல் ஸ்க்ரம் கேட்டார். அடுத்த ஆண்டே ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமை நீக்கப்பட்டது. ஸ்க்ரம் இப்படிப் புள்ளி பறிக்கும் கருவியாகும்போது, எதிரணி ஹூக்கரை நோக்கிச் சாய்ந்து குத்தவும், நடுவர் கண்ணுக்கு எதிராளி சரித்ததுபோலத் தெரியும்படி தாழவும் சில பயிற்சியாளர்கள் சொல்லித்தருகிறார்கள். எந்தச் சட்டத்திருத்தமும் இதை முழுதாகத் தடுக்காது. பல மாதம் பயிற்சித் திடலில் கற்றதைத்தான் நடுவர் இரண்டு நொடி பார்க்கிறார்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அயலூர்ச் சங்கதி இல்லை. 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதும் கொழும்பு ராயல், கண்டி டிரினிட்டி கல்லூரிகள் போல, இலங்கையில் எத்தனையோ பள்ளிகளின் பிள்ளைகள் முன்வரிசையில் தோள் கொடுக்கிறார்கள். எந்த நாடானாலும் பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைக்கு முதுகை நேராக வைத்துத் தள்ளவும், சரியும்போது கழுத்தைக் காக்கவும் யார், எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள்? தெளிவான பதில் வராதவரை, உடல் பருமனைப் பார்த்து யாரையும் முன்வரிசையில் நிறுத்தக்கூடாது. அதுவரை தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்மே போதும்.