எமது வரியில் விளைந்த அறிவு எவர் கையில்?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் எமது பணிமனைக்கு ஒரு தந்தையார் வந்திருந்தார். உணவகமொன்றின் சமையற்கூடத்திற் பணிபுரிபவர். ஐரோப்பிய மண்ணில் கால்வைத்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவருடைய ஏழு வயது மகனுக்குச் சிறுநீருடன் புரதம் கழிந்து, முகமும் கால்களும் வீங்குகின்ற நோய். ஸ்டீரொயிட் மாத்திரையைக் குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பிவிடுகின்றது. வேறொரு மருந்தை ஏற்றிப் பார்க்கலாம் என்று கூறிய வைத்தியர், அம்மருந்து பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்றின் தலைப்பையும் தாளொன்றில் எழுதிக் கொடுத்திருக்கின்றார். மூத்த மகள் உயர்தர வகுப்பு மாணவி. அவள் கணினியில் தேடியபோது கட்டுரையின் சுருக்கம் மட்டுமே தெரிந்தது. முழுவதையும் வாசிக்க 38 யூரோ செலுத்துமாறு திரை கேட்டது. தந்தையார் தமது வங்கி அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிள்ளையின் உடம்பு விடயத்தில் 38 யூரோவைக் கணக்குப் பார்க்கும் தகப்பன் எவருமில்லை.

இரண்டு வாரங்களின் பின்னர், மகளின் ஆசிரியை ஒருவர் மூலம் ஓர் உண்மை தெரியவந்தது. அதே கட்டுரை, வரிக்கு வரி அதே செய்தியுடன், வேறோர் இடத்தில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, என்னை ஏமாத்திப் போட்டாங்களோ?" என்று எம்மிடம் கேட்டார். சட்டப்படி ஏமாற்று அன்று. ஆயினும் அவருக்கு நாம் உடனே பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலையே இவ்வாரப் பத்தியாக எழுதுகின்றோம்.

ஆய்வுக்கட்டுரை ஒன்று பிறக்கும் விதத்தை முதலில் நோக்குவோம். பல்கலைக்கழகத்திலோ வைத்தியசாலையிலோ பணிபுரியும் ஆய்வாளரின் சம்பளம் பெரும்பாலும் அரச பணம். ஆய்வுக்கான உபகரணமும் உதவியாளர் ஊதியமும் பெரும்பாலும் அரச மானியம். அரச பணமென்றால் வரிப்பணம். சமையற்கூடத்திற் கோப்பை கழுவுபவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படும் பணமும் அதனுள் அடங்கும். ஆய்வு முடிந்ததும் கட்டுரை சஞ்சிகைக்கு அனுப்பப்படும். எழுதியவருக்குச் சஞ்சிகை சன்மானம் எதுவும் கொடுப்பதில்லை. (எமது பத்திரிகையிலும் எழுதுவோருக்குச் சன்மானமில்லை, ஆனால் நாம் வாசகரிடம் 38 யூரோ கேட்பதுமில்லை.) கட்டுரையின் தரத்தைச் சோதிக்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர். இறுதியில் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கப்படும். பின்னர், அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அதே சஞ்சிகையைப் பெருந்தொகைச் சந்தா செலுத்தி வாங்கும். அந்தச் சந்தாவும் பெரும்பாலும் வரிப்பணமே. சந்தா இல்லாத வெளியாள் தனிக் கட்டுரைக்குப் பணம் செலுத்த வேண்டும். பதிப்பகத்துக்குச் செலவே இல்லையென்று நாம் கூறவில்லை. தொகுப்போருக்கும் கணினிப் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். ஆனால் உலகின் மிகப் பெரிய பதிப்பகம் ஆண்டுதோறும் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட இலாப விகிதத்தைக் காட்டிவருவதையும் அருகில் வைத்தே இதனைப் பார்க்க வேண்டும்.

இதனாற் பாதிக்கப்பட்டவர் எமது நண்பர் மட்டுமல்லர். அமெரிக்காவில் ஷரோன் ரெறி என்னும் தாயாரின் இரண்டு பிள்ளைகளுக்கும் 1994 ஆம் ஆண்டில் தோலையும் கண்ணையும் பாதிக்கும் அரிய பரம்பரை நோய் கண்டறியப்பட்டது. அவரும் கணவரும் விஞ்ஞானம் பயின்றவர்கள் அல்லர். தமது பிள்ளைகளின் நோயைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசிப்பதற்கு, பொதுமக்களுக்குத் திறக்கப்படாத மருத்துவ நூலகங்களுள் நுழைய அவர்கள் வழிதேட வேண்டியிருந்தது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தனர். அந்நோயாளருக்கென ஓர் அமைப்பை நிறுவினர். குருதி மாதிரிகளைத் திரட்டினர். 2000 ஆம் ஆண்டில் நோய்க்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. வரிப்பணத்தில் நடந்த ஆய்வு வரியிறுப்போருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பின்னாளில் குரலெழுப்பியவர்களுள் அந்தத் தாயாரும் ஒருவர்.

மற்றொரு சம்பவம் இதனினும் கனமானது. 1982 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் மேற்கு ஆபிரிக்க நாடாகிய லைபீரியாவில் மக்களின் குருதியைச் சோதித்து, நூற்றுக்கு ஆறு பேரளவில் எபோலாக் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருப்பதாகவும், அந்நாட்டையும் எபோலா நிலவும் வலயத்துட் சேர்க்க வேண்டுமெனவும் எழுதினர். கட்டுரை ஐரோப்பியச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. 2014 இல் லைபீரியாவிற் கொள்ளைநோய் மூண்டபோது, அங்கு எபோலா இருந்ததேயில்லை என்பதே பொது நம்பிக்கையாக இருந்தது. மேற்கு ஆபிரிக்கா முழுவதிலும் 11,000 பேருக்கு மேல் மாண்டனர். அந்தப் பழைய கட்டுரையை லைபீரிய சுகாதார அமைச்சின் தலைமை மருத்துவ அதிகாரி பேர்னிஸ் டான் அவர்களும் இருவரும் 2015 ஆம் ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் வெளிக்கொணர்ந்தனர். அதனை வாசிக்கக் கேட்கப்பட்ட விலை 45 டொலர். லைபீரிய வைத்தியர் ஒருவரின் அரைவாரச் சம்பளமளவு. விலை மட்டுமே மக்களைக் கொன்றது என்று கூறுவது மிகையாகும். வைத்தியர் பற்றாக்குறையும், போரினாற் சிதைந்த வைத்தியசாலைகளும், ஆய்வு முடிவை எவரும் அந்நாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லாமையும் சேர்ந்தே கொன்றன. ஆயினும் குருதியைக் கொடுத்த மக்களின் நாட்டில் அக்குருதி சொன்ன செய்தி வாசிக்கப்படவில்லை என்பது எமக்கு ஆறாத செய்தி.

எமது குருதியும் அவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது. 2002 ஆம் ஆண்டில் ஒஸ்லோ நகரில் குடிவரவாளரின் உடல்நலம் பற்றிப் பெரிய ஆய்வொன்று நடைபெற்றது. துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நாடுகளிற் பிறந்தோருடன் இலங்கையிற் பிறந்தோரும் அதிற் பங்குபற்றினர். நோர்வேயில் இலங்கையிற் பிறந்தோர் என்றால் பெரும்பாலும் எம்மவரே. நோர்வேயில் வாழும் இலங்கையரின் உடலில் வைற்றமின் டி, கண்டியில் வாழ்வோரிலும் வெகுவாகக் குறைந்திருக்கின்றது என்று காட்டிய கட்டுரை 2008 இல் பிரித்தானிய சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. வெயிலைத் தேடிப் போக வேண்டிய அம்மாமாருக்கும், பனிக்காலத்தில் வீட்டினுள் வளரும் எமது குழந்தைகளுக்கும் நேரே உரிய செய்தி அது. எமது ஒன்றுகூடல்களில் அதனை எவரேனும் எடுத்துக் கூறக் கேட்டோமா?

மாற்றம் வராமலில்லை. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் சார்பில் பப்மெட் சென்ட்ரல் என்னும் இலவசக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. 2002 இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து திறந்த அணுக்கத்துக்கான பிரகடனம் வெளியாயிற்று. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தமது மானியத்தில் எழுதப்படும் கட்டுரைகளை அக்களஞ்சியத்தில் வைக்குமாறு 2005 இல் ஆய்வாளரை வேண்டிக்கொண்டன. வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தோர் மிகச் சிலரே. ஆகவே 2008 ஏப்ரலில் அது கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் பதிப்பகங்களுக்காகப் பன்னிரண்டு மாதத் தவணை விடப்பட்டது. நோயாளிக்குப் பன்னிரண்டு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று தவணை கேட்டவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ அறியோம். 2025 யூலை 1 இலிருந்து ஏற்றுக்கொள்ளப்படும் கட்டுரைகளுக்கு அத்தவணையும் நீக்கப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவிலும் அவ்வாறே. ஜேர்மனியில் 2014 இலிருந்து, பாதிக்குக் குறையாத அளவு அரச பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரையை, ஏற்றுக்கொள்ளப்பட்ட கைப்பிரதி வடிவில், பன்னிரண்டு மாதங்களின் பின் வெளியிடும் உரிமை எழுதியவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்கியிருந்தாலும் அவ்வுரிமை பறிபோகாது. பிரான்ஸில் 2016 ஆம் ஆண்டின் சட்டம் விஞ்ஞான, மருத்துவக் கட்டுரைகளுக்கு ஆறு மாதமும், சமூகவியல் கட்டுரைகளுக்குப் பன்னிரண்டு மாதமும் என வகுத்தது. இவை இரண்டும் எழுதியவரின் உரிமைகளேயன்றிக் கடமைகள் அல்ல. எனவே அவர் சோம்பியிருந்தாற் கட்டுரை பூட்டியே கிடக்கும். பிரித்தானியாவில் அரச ஆய்வு மானியம் பெற்ற கட்டுரைகள், 2022 ஏப்ரல் முதல், வெளியாகும் நாளிலேயே எவரும் வாசிக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய ஆய்வுத் திட்டத்தின் நிபந்தனையும் அதுவே.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாசகரிடம் வாங்காத பணத்தைச் சில பதிப்பகங்கள் எழுதுவோரிடம் வாங்குகின்றன. புகழ்பெற்ற நேச்சர் சஞ்சிகை 2020 இல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ எனக் கட்டணம் அறிவித்தது. செல்வந்த நாட்டுப் பல்கலைக்கழகம் அதனைச் செலுத்தும். வறிய நாட்டு விரிவுரையாளர் என்ன செய்வார்? கட்டண விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பர். விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை அகதி விண்ணப்பம் எழுதிய எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எழுதியவரே தமது கைப்பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் இடுவதற்கு எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. எமக்கு அவ்வழியே நியாயமாகப் படுகின்றது.

இனி அந்தத் தந்தையாருக்குக் கூறியதை இங்கும் கூறுகின்றோம். பணம் கேட்கும் திரையைக் கண்டவுடன் வங்கி அட்டையை எடுக்காதீர்கள். கட்டுரையின் தலைப்பை அப்படியே பப்மெட் சென்ட்ரலில் இட்டுத் தேடுங்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அங்கு இலவசமாக உள்ளன. பிரான்ஸில் வாழ்வோர் ஹால் என்னும் களஞ்சியத்தையும் பார்க்கலாம். பல நாடுகளில் அரச பல்கலைக்கழக நூலகத்துக்குள் மாணவரல்லாதவரும் நேரிற் சென்று, அங்குள்ள கணினியில் சந்தாச் சஞ்சிகைகளை வாசிக்க இடமுண்டு. முன்மேசையில் விசாரிக்கத் தயங்க வேண்டாம். இவை எதுவும் கைகூடாவிடின் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய முகவரி பெரும்பாலும் சுருக்கத்தின் கீழேயே இருக்கும். தம்முடைய கட்டுரையை ஒருவர் வாசிக்க விரும்புகின்றார் என்பதே பல ஆய்வாளருக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாசித்ததை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முற்படாதீர்கள். ஒரே கட்டுரையை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கே வாசிப்பு. நண்பரின் மகள் ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனாளாம். வழக்கமாகப் பத்து நிமிடங்களில் எழுந்துவிடும் வைத்தியர் அன்று முக்கால் மணிநேரம் இருந்து கதைத்தாராம். சிறுவனுக்கு முதலாவது மருந்தேற்றல் முடிந்துவிட்டது. வீக்கம் இறங்கியிருக்கின்றது என்று தொலைபேசியில் அறியத் தந்தார்கள்.

அந்த 38 யூரோவைத் திருப்பிக் கேட்டு மகள் பதிப்பகத்துக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கின்றாள். இதனை அச்சுக்குக் கொடுக்கும்வரை பதில் வரவில்லை.